கற்பனைப் பள்ளியில் நாற்காலி இல்லை

குதிகாலில் ஆணி அடித்த மாதிரி வலி. ஐந்தாம் பாடவேளைக்கு மணி அடித்ததும் வந்துவிடும். அந்தப் பள்ளிக்கூடத்தில் நேரம் தவறாமல் வந்தது அது ஒன்றுதான். சமூக அறிவியல் டீச்சர் வலது காலைத் தூக்கி விரல்நுனியில் ஊன்றினாள். கொஞ்ச நேரத்தில் இடது கால் முறுக்கிக்கொண்டது. இடதைத் தூக்கினாள். கொக்கும் இப்படித்தான் நிற்கிறது, ஆனால் அதற்கு மீனாவது கிடைக்கிறது.

எதிரே எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவு. முப்பத்தெட்டுப் பிள்ளைகள் எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ஒரே குரலில் கத்தினார்கள்.

"கேள்வி கேட்பது எனது உரிமை!"

"இன்னொரு தடவை. கடைசி பெஞ்ச், சும்மா வாயை மட்டும் அசைக்காதீங்க."

"கேள்வி கேட்பது எனது உரிமை!"

"ம். உக்காருங்க. நடுவுல யாராவது பேசினீங்க, வெளியில நிக்க வெச்சுருவேன்."

உரிமை வாரம் நடந்துகொண்டிருந்தது. சுதந்திரத்தையும் அரசியலமைப்பு தந்த உரிமைகளையும் பிள்ளைகள் மனதில் ஆழமாகப் பதிக்க வேண்டும், பதிக்காத பள்ளிகள் மீது கடும் நடவடிக்கை எடுக்கப்படும் என்று கல்வி அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்திருந்தது. திங்கட்கிழமை சமத்துவம். சட்டை கசங்காத பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, மற்றவர்களைப் பின்னால் தள்ளிப் படம் எடுத்தார்கள். செவ்வாய் பேச்சுரிமை. பேச்சை இரண்டு நாள் முன்பே எழுதிக் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும், எழுதியதற்கு மேல் ஒரு வார்த்தை பேசினாலும் போட்டியிலிருந்து நீக்கம். ஒரு பையனை நீக்கினார்கள். அவன் கூடுதலாகப் பேசிய வார்த்தை 'நன்றி'. புதன் மனு கொடுக்கும் உரிமை. வியாழன் ஒன்றுகூடும் உரிமை, அதை முன்னிட்டு நடைவழியில் நான்கு பேருக்கு மேல் சேர்ந்து நிற்கக் கூடாது என்று ஒலிபெருக்கியில் மூன்று தரம் சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கல்வி அதிகாரியே நேரில் வந்து, உரிமை எவ்வளவு ஆழத்துக்குப் பதிந்திருக்கிறது என்று பார்ப்பார்.

இதெல்லாம் டீச்சருக்குச் சிரிப்பாகத்தான் இருந்திருக்கும், அவள் பிழைப்பு அந்த வெள்ளிக்கிழமையில் தொங்கிக்கொண்டிருக்காவிட்டால்.

பதினோரு வருடமாக அவள் தற்காலிகம். ஒவ்வொரு கோடையிலும் வேலையை விட்டு அனுப்புவார்கள், பள்ளி திறக்கும் நாளில் புது ஆளாகச் சேர்த்துக்கொள்வார்கள். ஆகையால் பதினோரு வருடம் பாடம் நடத்திய பிறகும் அவளுக்கு அனுபவம் பத்து மாதம். சேரும்போது ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டும். 'நாள் முழுவதும் நின்று பணியாற்றத் தக்க உடல்நலம் எனக்கு உண்டு.' குதிகால் வலிக்கிறது என்று எவரிடமும் அவள் வாய் திறக்காததற்குக் காரணம் அந்த ஒரு வரி. இந்த வருடம் தாளாளர் கூப்பிட்டு, மேசை டிராயரைத் திறந்து, உறையைக் காட்டினார்.

"நிரந்தர ஆர்டர். உங்க பேர் போட்டுத் தயாரா இருக்கும்மா. வெள்ளிக்கிழமை நல்லபடியா முடியட்டும்."

காட்டிவிட்டு டிராயரை மூடினார். நாய்க்கு எலும்பைக் காட்டுகிறவனாவது சில சமயம் கை தவறிப் போட்டுவிடுவான்.

நின்று பணியாற்றுவது என்பது அங்கே வெறும் பேச்சு இல்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் தாளாளர் தன் அறையில் சாய்ந்து உட்கார்ந்து கேமரா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு வகுப்பில் ஒரு டீச்சர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது. உட்கார்ந்திருந்தவருக்கு உட்கார்ந்திருந்தவளைப் பொறுக்கவில்லை. மறுநாள் இருபத்திரண்டு வகுப்பிலிருந்தும் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய், விருந்தினருக்கு உதவும் என்று கூட்ட அரங்கத்தில் அடுக்கிவிட்டார்கள். நாற்காலி இருந்த இடத்துக்கு மேலே சுவரில் பெயிண்டால் எழுதினார்கள்: 'ஆசிரியர் நின்றால் மாணவர் நிமிர்வர்.'

"நம்ம பொழப்புல உக்கார ஒரே இடம் பஸ்ஸுதான் டீச்சர்," என்பார் கணக்கு வாத்தியார். "அதுலயும் எவன் எடம் தர்றான்?"

புதன்கிழமை மனுப் பாடம். சுற்றறிக்கைப்படி பிள்ளைகள் ஆளுக்கொரு பயிற்சி மனு எழுதி, அதில் சிறந்ததை வாக்கெடுத்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தாளாளர் அதோடு ஒரு நிபந்தனையைச் சேர்த்திருந்தார்.

"நம்ம ஸ்கூலைப் பத்தி எழுதக் கூடாது," என்றாள் டீச்சர். "கற்பனையா ஒரு ஸ்கூலை நினைச்சுக்குங்க. அங்க ஒரு குறை. அதைத் தீர்த்து வைக்கச் சொல்லிக் கல்வி அதிகாரிக்கு எழுதணும்."

"டீச்சர், அந்த ஸ்கூல்ல தண்ணிக் குழாய் உடைஞ்சிருக்குன்னு எழுதலாமா?"

"அது இங்கயே உடைஞ்சிருக்கு. வேற எழுது."

"பாத்ரூம் கதவுல தாழ்ப்பாள் இல்லன்னு?"

"அதுவும்... இங்க இல்ல. வேற."

"விளையாட்டு பீரியட்ல கணக்கு நடத்தறாங்கன்னு?"

டீச்சர் கண்ணை மூடித் திறந்தாள். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. வகுப்பே வக்கீல் என்று கூப்பிடும் பெண். ஆள் அரை ஆள் உயரம், வாய் ரெண்டு ஆள் நீளம். அவள் அம்மா பஸ் டிப்போவில் குழாய் பிடித்து வண்டி கழுவுகிறவள். மகளுக்கு அந்தக் குழாயின் வேகம் நாக்கில் இறங்கியிருந்தது.

"டீச்சர், எதைக் கற்பனை பண்ணினாலும் அது இங்கயே நடக்குது. நல்லதா ஏதாவது கற்பனை பண்ணிக்கறோம். ஆனா நல்லதுக்கு எதுக்கு மனு?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. டீச்சருக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது, மேலே இருந்த கேமராவை நினைத்து விழுங்கிக்கொண்டாள். "பேரு மட்டும் கற்பனைன்னு போட்டுருங்கடா. எதையாவது எழுதித் தொலைங்க."

"மனு குடுத்தா தீர்த்து வைப்பாங்களா டீச்சர்?" என்றான் கடைசி பெஞ்சில் ஒருவன்.

புத்தகத்தில் 'ஆம்' என்று இருந்தது. டீச்சரின் அம்மா கட்டட வேலையில் செங்கல் சுமந்தவள். குடியிருந்த சந்துக்குக் குழாய் கேட்டு நாலு தரம் மனு கொடுத்தாள். நாலு தரமும் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போனாள். ஐந்தாம் தரம் போனபோது, 'நீ எப்போம்மா மனு குடுத்தே?' என்று கேட்டார்கள். சுண்ணாம்பு அரித்த அந்தக் கைகளில் காட்டுவதற்கு ஒரு துண்டுக் காகிதம் இல்லை. அது ஞாபகம் வந்ததில் டீச்சர் புத்தகத்தை மூடிவிட்டாள்.

"குடுத்தா மட்டும் போதாதுடா. கையில சீட்டு வாங்கணும். 'பெறப்பட்டது'ன்னு முத்திரை, நம்பர், தேதி, மூணும் இருக்கணும். அவங்க சிரிச்சாலும் சரி, முறைச்சாலும் சரி, வாங்காம நகரக் கூடாது. சீட்டு இல்லன்னா நீ மனு குடுக்கவே இல்லன்னு அர்த்தம்."

அந்த வாரத்தில் அவள் சொல்லிக்கொடுத்தவற்றுள் உயிருள்ளது அது ஒன்றுதான். பிள்ளைகளுக்கு அது எப்படியோ தெரிந்துவிட்டது. எழுதச் சொல்லாமலே எழுதிக்கொண்டார்கள்.

வாக்கெடுப்பில் முப்பத்தோரு ஓட்டோடு வக்கீலின் மனு ஜெயித்தது. டீச்சர் வாங்கிப் படித்தாள்.

'எங்கள் கற்பனைப் பள்ளியில் ஆசிரியர்கள் உட்கார நாற்காலி இல்லை. எங்கள் சமூக அறிவியல் ஆசிரியை ஐந்தாம் பாடவேளையில் ஒரு காலில் நிற்கிறார். பிறகு அடுத்த காலில் நிற்கிறார். வலி தாங்காதபோது கரும்பலகையில் எழுதுவது போல நடித்து அதன் மேல் சாய்ந்துகொள்கிறார். அப்போது அவர் எழுதுவது எங்களுக்குப் புரிவதில்லை. நாங்கள் அனைவரும் கவனித்தோம். ஒரே ஒரு நாற்காலி போதும். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.'

பதினோரு வருடத்தில் அவள் காலையும் யாரோ பார்த்திருக்கிறார்கள் என்பது இப்போதுதான் தெரிந்தது. அடுத்த நொடியே பயம் வந்தது. வேறு மனுவைத் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம். ஆனால் முப்பத்தோரு ஓட்டு. போன வாரம்தான் 'மக்கள் தீர்ப்பு' பாடம் நடத்தியிருந்தாள். கற்பனைப் பள்ளி என்றுதானே இருக்கிறது, அறிவிப்புப் பலகையில் ரெண்டு நாள் தொங்கும், யார் படிக்கப்போகிறார்கள் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, வகுப்பாசிரியர் இடத்தில் கையெழுத்துப் போட்டாள்.

பிள்ளைகள் அதை அறிவிப்புப் பலகைக்குக் கொண்டுபோகவில்லை. சொல்லிக்கொடுத்தபடி செய்தார்கள்.

வியாழன் காலை வக்கீலும் இன்னும் மூன்று பேரும், நான்கு பேருக்கு மேல் போகக் கூடாது என்பதால் கணக்காக நான்கே பேர், ஆபீஸ் குமாஸ்தாவின் மேசைக்கு முன்னால் போய் நின்றார்கள். குமாஸ்தா இருபத்தாறு வருடமாக முத்திரை குத்துகிறவர். மேசைக்கு எது வந்தாலும் 'பெறப்பட்டது' என்று குத்திப் பதிவேட்டில் ஏற்றிவிடுவார். ஒருமுறை தாளாளரின் மருந்துச் சீட்டுக்கும் பதிவெண் போட்டு, அது ஒரு வாரம் கோப்பில் சுற்றியதில் தாளாளருக்கு இருமல் தானாகவே நின்றுவிட்டது.

"என்னம்மா இது?"

"மனு சார். முத்திரை வேணும், நம்பர் வேணும், தேதி வேணும்."

"எதுக்கு?"

"இல்லன்னா நாங்க குடுக்கவே இல்லன்னு ஆயிடும் சார்."

இருபத்தாறு வருடத்தில் தன் வேலையின் அர்த்தத்தை இவ்வளவு சுருக்கமாக ஒருவர் சொல்லி அவர் கேட்டதில்லை. நெஞ்சு நிறைந்துபோய், முத்திரையை மையில் அழுத்தி ஓங்கிக் குத்தினார். பதிவெண் இருநூற்றுப் பதினான்கு. நகலிலும் ஒரு குத்து. கல்வி அதிகாரிக்கு என்று முகவரி இருந்ததால், அசலைக் கல்வி அலுவலகத் தபால் பையில் போட்டுவிட்டார்.

"டீச்சர், வாங்கிட்டோம்!" நகலைக் கொடி மாதிரி ஆட்டிக்கொண்டு வக்கீல் ஓடி வந்தாள். டீச்சர் முத்திரையைப் பார்த்தாள். குதிகாலை மறந்து ஆபீசுக்கு ஓடினாள்.

"சார், அது பயிற்சி மனு சார்! எதைப் பார்த்துக் குத்தினீங்க?"

"குத்தறதுக்கு எடம் இருக்கான்னு பார்த்தேன். இருந்துச்சு."

"பை?"

"போயிருச்சேம்மா. இன்னைக்குன்னு பார்த்து டிரைவர் சீக்கிரம் வந்துட்டான்."

அன்று முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். அரங்கத்திலிருந்து மூன்று நாற்காலிகளை எட்டாம் வகுப்புக்குத் தூக்கி வந்து போட்டார்கள். ஒன்றில் அதிகாரி, ஒன்றில் தாளாளர், மூன்றாவதில் அதிகாரியின் பை. டீச்சர் நின்றபடி பாடம் நடத்தினாள். பிள்ளைகள் கையைக் கட்டிக்கொண்டு, கேள்வி கேட்பது எனது உரிமை என்று கூரை ஓட்டில் உட்கார்ந்திருந்த புறா பறக்கக் கத்தினார்கள். அதிகாரி தலையை ஆட்டினார். பிறகு பையைத் திறந்து ஒரு தாளை எடுத்தார்.

"இருநூத்திப் பதினாலு எந்த கிளாஸ்?"

அடுத்த ஐந்து நிமிடத்தில் மூன்று பேரும் தாளாளர் அறையில் இருந்தார்கள்.

"நாற்காலி இருக்கா இல்லையான்னு நான் கேக்கலை சார்," என்றார் அதிகாரி. "அது உங்க பாடு. இதுக்கு நம்பர் விழுந்திருக்கு. நம்பர் விழுந்தா முடிச்சாகணும். என் கணக்குல மனு ரெண்டே வகைதான். முடிச்சது, முடிக்காதது."

"எப்படி முடிக்கறது?" என்றார் தாளாளர்.

"நாற்காலி குடுத்தா முடிஞ்சுது. இல்ல, குறையே இல்லன்னு சம்பந்தப்பட்டவங்க எழுதிக் குடுத்தா முடிஞ்சுது."

"ஒரு கிளாசுக்குக் குடுத்தா இருபத்திரண்டு கிளாசும் கேக்கும் சார்."

"கேக்கறது அவங்க உரிமை," என்றார் அதிகாரி, உரிமை வாரத்தை விட்டுக்கொடுக்காமல்.

தாளாளர் டீச்சர் பக்கம் திரும்பினார். டிராயரைக் கொஞ்சமாகத் திறந்தார். பிறகு, பதினோரு வருடத்தில் ஒருநாளும் சொல்லாததைச் சொன்னார்.

"உக்காருங்கம்மா."

மெத்தை வைத்த நாற்காலி. உட்கார்ந்ததும் ரத்தம் குபுகுபுவென்று காலுக்கு இறங்கியது. அவளை அறியாமல் செருப்பு கழன்றது. தாளாளர் வெள்ளைத் தாளையும் தன் சொந்தப் பேனாவையும் நகர்த்தினார். அவள் மனசுக்குள் பதினோரு கோடை ஓடியது. பள்ளி திறக்கும் நாளில் வாசலில் புது ஆளாக நின்ற பதினோரு காலைப்பொழுதும் ஓடியது. எழுதினாள். 'நின்றுகொண்டு பாடம் நடத்துவதே எனக்கு வசதி. எனக்குக் கால் வலியோ வேறு உபாதையோ எக்காலத்திலும் இருந்ததில்லை.' இவ்வளவு சௌகரியமாக உட்கார்ந்து அவள் எதையும் எழுதியதில்லை. கையெழுத்து முத்து முத்தாக வந்தது.

அதிகாரி வாங்கிப் படித்தார். "நல்லது. அப்போ மனுவுல இருக்கறது பொய்த் தகவல்னு ஆகுது. பொய்த் தகவலுக்கு மனுதாரர்கிட்ட மன்னிப்புக் கடிதம் ஒண்ணு வாங்கி இதோட இணைக்கணும்."

டீச்சருக்கு அப்போதுதான் உறைத்தது. தான் எழுதியது தன் காலைப் பற்றி மட்டும்தான் என்று நினைத்திருந்தாள்.

"சார், சின்னப் பிள்ளை சார். அதுல கற்பனைப் பள்ளின்னுதானே போட்டிருக்கு?"

"கற்பனைப் பள்ளிக்கு நீங்க எப்படிம்மா நிஜமா பதில் எழுதினீங்க?"

வக்கீலைக் கூட்டிவந்தார்கள். மேசை அவள் நெஞ்சளவுக்கு இருந்தது. விஷயத்தைச் சொன்னார்கள். அவளுக்குப் பயமே வரவில்லை, ஆச்சரியம்தான் வந்தது.

"நான் பொய் எழுதலை சார். கிளாஸ் முழுக்கப் பார்த்துருக்கு. டீச்சர், நீங்களே சொல்லுங்க டீச்சர்."

எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். டிராயர் இன்னும் திறந்தே இருந்தது.

"எனக்கு... வலியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா."

பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீழே பார்த்தாள். மேசைக்கு அடியில் டீச்சரின் வலது கை, செருப்பில்லாத குதிகாலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தது. டீச்சர் கையை எடுத்தாள். எடுத்ததுதான் தாமதம், பெண் பார்வையைத் திருப்பிக்கொண்டு பேனாவுக்குக் கை நீட்டினாள். நின்றபடியே, அதிகாரி சொல்லச் சொல்ல, ஒரு எழுத்தும் பிழையில்லாமல் எழுதினாள். 'எங்கள் ஆசிரியைக்குக் கால் வலிப்பதாகத் தவறான தகவல் அளித்ததற்கு மனப்பூர்வமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.' முடித்ததும் நிமிர்ந்தாள்.

"இதுக்கும் நம்பர் போட்டு சீட்டு தருவீங்களா சார்?"

அதிகாரி பூரித்துப்போனார். "பாருங்க சார், நடைமுறை எப்படித் தெரிஞ்சு வெச்சிருக்கு! நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க டீச்சர்." வருகைப் பதிவேட்டில் அவர் எழுதிவிட்டுப் போனது இது: 'இப்பள்ளி மாணவர்கள் தம் உரிமைகளை நன்கு அறிந்துள்ளனர். மற்றப் பள்ளிகளும் பின்பற்றலாம்.'

அன்று சாயங்காலமே உறை டீச்சரின் கைக்கு வந்தது. வெல்டிங் பட்டறையிலிருந்து வந்த வீட்டுக்காரர் கையைக்கூடத் துடைக்காமல் ஆர்டரை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, ஓரத்தில் கருப்பாகக் கட்டைவிரல் பதித்துவிட்டார்.

"பதினோரு வருசம்டி! என்ன, மூஞ்சில ஒரு சிரிப்பைக் காணோம்?"

"தலைவலி," என்றாள்.

திங்கட்கிழமை அடுத்த பாடம். கடமைகள். பிள்ளைகள் எழுந்து நின்று கையைக் கட்டிக்கொண்டு கத்தினார்கள். வக்கீலும் கத்தினாள், மற்றவர்களைவிடத் திருத்தமாக. பாடம் முடிந்ததும் டீச்சர் கேட்டாள், "யாருக்காவது ஏதாவது சந்தேகம் இருக்கா?" மூன்றாவது வரிசையில் கை எழவில்லை. அந்த வாரம் முழுக்க எழவில்லை. அடுத்த வாரமும் எழவில்லை. கடைசி பெஞ்சுப் பையன்கள்கூட அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். வாயைத் திறக்காத வக்கீல் எங்கே இருக்கிறார்?

ஒருநாள் நடைவழியில் தனியாக வந்தவளை டீச்சர் நிறுத்தினாள்.

"ஏய், நில்லு. அன்னைக்கு அந்த ரூம்ல..."

"பரவாயில்லை டீச்சர்." குரலில் கோபமே இல்லை, அதுதான் டீச்சருக்குத் தாங்கவில்லை. "எங்கம்மாகிட்ட சொன்னேன். உங்களுக்கு வேலை நிரந்தரம் ஆயிருச்சாமே. 'அவங்களுக்கும் வயிறு இருக்குல்ல, விடு'ன்னாங்க."

"அதில்லைடா..."

"மணி அடிச்சுருச்சு டீச்சர். லேட்டானா வெளியில நிக்கணும்."

போய்விட்டாள். டீச்சர் ஆசிரியர் அறைக்கு வந்து, நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, தேதி போட்டாள். 'அன்புள்ள' என்று எழுதினாள். அதற்கு மேல் ஓடவில்லை. தாளாளர் அறையில் முத்து முத்தாக வந்த கையெழுத்து இங்கே ஒரு சொல்லோடு நின்றுபோனது. எழுதினால் கையெழுத்துப் போட வேண்டும், போட்டால் அது ஒரு தாள், தாள் என்றால் என்றைக்காவது ஒரு மேசைக்குப் போகும். நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள். அங்கே ஆர்டரின் நகல் ஒன்றும் இருந்தது.

எட்டாம் வகுப்பு முடிந்து பிள்ளைகள் ஒன்பதுக்குப் போய்விட்டார்கள். அந்தப் பெண் எழுதிக் கொடுத்த மன்னிப்புக் கடிதம் இருநூற்றுப் பதினான்காம் எண் கோப்பில், பசை போட்டு ஒட்டியபடி பத்திரமாக இருக்கிறது. அந்தப் பெண்ணுக்கு டீச்சர் எழுதித் தர வேண்டிய மன்னிப்புக் கடிதம் இன்னும் பாக்கி.